திருப்பத்தில் நட்ட பீங்கான்

17 ஜனவரி 1974

மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் முன்பு என்னிடம் கேட்டாள்: "நடுவுல லாரி போவுது, ஓரத்துல மாட்டு வண்டி போவுது. நாம எங்க டீச்சர் நடக்கறது?" நான் கரும்பலகையில் ஒரு சாலை வரைந்து, ஓரமாக ஒரு கோடு கிழித்து, "இங்கே" என்றேன். அந்தக் கோடு நம் ஊரில் எங்கே இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. நல்ல பிள்ளை.

அந்தப் பாஞ்சாலை இப்போது பீங்கான் தொழிற்பேட்டையில் கோப்பைகளுக்குப் பூ வரைகிறாள். அண்ணனின் பழைய சைக்கிளில் வேலைக்குப் போகிறாள். இன்று கடைத்தெருவில் என்னைப் பார்த்ததும் இறங்கினாள்.

"டீச்சர், சேதி தெரியுமா? அம்புஜவல்லி டீச்சரு பேட்டை ரோட்டுல எங்களுக்கு நடக்கப் பாதை போட்டுத் தராங்க."

அம்புஜம் என் பள்ளியில் தையல் டீச்சராக இருந்தவள். எனக்கு அடுத்த வருஷம் ஓய்வு பெற்றாள். பேட்டைச் சாலைக்கு ஓரப்பாதை வேண்டும் என்று வருஷக்கணக்காகச் சேர்மன் ஆபீஸ் படி ஏறி இறங்கியவள் நான். அங்கே பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து பியூனின் குடும்பக் கதை முழுக்க எனக்குத் தெரியும். பாதை போடுவது அவளா?

20 ஜனவரி

போய்ப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

மின்கம்பத்தில் வைக்கிற பீங்கான் குமிழ்கள், சூளையில் விரிசல் விட்டவை, பேட்டைக்குப் பின்னால் குவியலாகக் கிடக்கின்றன. வேலை விட்டு வரும் பெண்கள் ஆளுக்கு ஒன்றாகத் தூக்கி வந்து சாலை ஓரத்தில் வரிசையாகப் புதைக்கிறார்கள். அந்தப் பக்கம் லாரி, இந்தப் பக்கம் நடப்பவர்களும் சைக்கிளும். வெள்ளை வெளேரென்று இருப்பதால் மங்கலான நேரத்திலும் தெரிகிறது. செலவில்லை. அதே ஆபீசில் அனுமதி கேட்டதற்கு, "ஓரமா நட்டுக்குங்க" என்று நின்ற வாக்கில் சொல்லிவிட்டார்களாம்.

"வாங்கக்கா, எப்பிடி இருக்குது?" என்றாள் அம்புஜம், முந்தானையில் மண்ணோடு.

"வரிசை கொஞ்சம் கோணலா இருக்குது."

"தையக்காரி போட்ட கோடுக்கா. கோணலா இருந்தா பிரிச்சுத் தச்சுடலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் தலைவலி.

வகுப்பில் சில பிள்ளைகள் ஒரு கணக்கோடு வாரம் முழுக்கப் போராடும். பக்கத்துப் பிள்ளை விரலை மடக்கி விடையைச் சொல்லிவிட்டால் அழுதுவிடும். "விடைதான் கிடைச்சிடுச்சே, ஏன் அழறே?" என்று கேட்டிருக்கிறேன். என்ன மடத்தனமான கேள்வி.

2 பிப்ரவரி

மளிகைக் கடையில்கூட "அம்புஜம் டீச்சர் பாதை" என்கிறார்கள்.

9 பிப்ரவரி

இவரிடம் சொல்லிப் புலம்பினேன். பேப்பரை மடிக்காமலே கேட்டார்: "நீ கேட்டது கெடைச்சுதா இல்லியா?"

"கெடைச்சுது."

"அப்புறம் இன்னா?"

அப்புறம் என்ன? அதைத்தான் எனக்கு எழுதத் தெரியவில்லை.

10 மார்ச்

மாசி மகம் முடிந்து ஊர் இப்போதுதான் மூச்சு விடுகிறது. வெளியூர்க் கூட்டம் வேப்பூர், மங்களூர் என்று சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து வந்து போனதில் ஒரு வேடிக்கை நடந்திருக்கிறது.

பேட்டைச் சாலைத் திருப்பத்தில், பக்கிரியின் டீக்கடைக்கு எதிரே, அம்புஜம் நட்ட குமிழ் மற்றவற்றைவிடப் பெரியது. உச்சி உருண்டை. வெளியூர்க்காரி யாரோ அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துவிட்டாள். அடுத்து வந்தவள் சிவப்புத் துணி கட்டினாள். இன்று சூடம் எரிகிறது.

"சாமி தானா வந்து எறங்கிடுச்சு டீச்சர். எனக்கும் டீ கூடுதலா ஓடுது" என்றான் பக்கிரி.

நானும் கைகூப்பினேன். அது பக்தி இல்லை. உள்ளுக்குள் அப்படி ஒரு குளிர்ச்சி. அம்புஜத்தின் கோட்டுக்கு நடுவே ஒரு முடிச்சு விழுந்துவிட்டது.

14 மார்ச்

சாமிக்குச் செங்கல் மேடை கட்டிவிட்டார்கள், பாதைக்குக் குறுக்கே. அந்த இடத்தில் எல்லாரும் சாலையில் இறங்கித்தான் போகிறார்கள்.

அம்புஜம் வீட்டுக்கு வந்தாள். முகம் வாடியிருந்தது. "புடுங்கி வேற எடத்துல வைக்கலாம்னு கடப்பாரைய நீட்டுனா ஒருத்தரும் வாங்க மாட்டேன்றாங்க. சரி, நாமே எடுப்போம்னு குனிஞ்சேன்க்கா. குங்குமத்தப் பாத்ததும் நானே கடப்பாரையக் கீழ வச்சுட்டுக் கும்புட்டுட்டு வந்துட்டேன்."

"நான் அப்பவே சொன்னேன்" என்றேன்.

நான் சொன்னது வரிசை கோணல் என்பது மட்டும்தான். அவளுக்கும் அது ஞாபகம் இருந்திருக்கும். காப்பியைக் குடித்துவிட்டுப் போனாள்.

19 மார்ச்

பாஞ்சாலை வுழுந்துட்டா. அந்தத் திருப்பத்துலதான். மேடையைச் சுத்த ரோட்டுல எறங்கியிருக்கா, களிமண் லாரி ஹாண்டில்ல இடிச்சிருக்குது. உயிருக்கு ஒண்ணுமில்ல. வலது மணிக்கட்டு. பூ வரையற கை.

போய்ப் பார்த்தேன். மூங்கில் தப்பை வைத்துக் கட்டியிருக்கிறது. அவள் அம்மா காசியம்மாள் வாசலிலேயே சொன்னாள்: "இனி சைக்கிளும் வாணாம், வேலையும் வாணாம் டீச்சர். பொண்ணு முழுசா இருந்தா போதும்."

பாஞ்சாலை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அந்தக் குளிர்ச்சி இப்போது எங்கே போயிற்று?

20 மார்ச்

மாலை முழுக்கப் பக்கிரி கடையில் உட்கார்ந்து திருப்பத்தையே பார்த்தேன். ஆட்கள் நடந்தால் ஹாரன் அடித்துக்கொண்டே வருகிற லாரிக்காரர்கள், அந்தக் குமிழைக் கண்டதும் வேகத்தைக் குறைக்கிறார்கள். ஸ்டீயரிங்கில் இருந்து ஒரு கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். எல்லாரும் இல்லை, ஆனால் முக்கால்வாசிப் பேர். மனுஷிக்குப் போடாத பிரேக்கைப் பீங்கானுக்குப் போடுகிறார்கள்.

அப்படியானால் சாமியை ஏன் நகர்த்த வேண்டும்? அது சாலைப் பக்கம் காவல் நிற்கட்டும். மேடைக்குப் பின்னால் இருக்கும் முள்ளை வெட்டிப் பள்ளத்தைத் தூர்த்தால் பாதை பின்பக்கமாகப் போகும். முன்பக்கம் இன்னும் சில குமிழ்களைச் சாலையை நோக்கி வளைத்து நட்டால், அந்த இடத்தில் லாரி மெதுவாகத்தான் திரும்ப முடியும்.

21 மார்ச்

காலையில் நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டேன்.

"சேர்மன் ஆபீசுக்கா, அம்புஜம் வூட்டுக்கா?" என்றார் இவர்.

"சேர்மன் ஆபீசுக்கு. இது என் யோசனை, என் பேர்ல நடக்கட்டும்."

"பெஞ்சு தொடச்சு வச்சிருப்பாங்க. போயிட்டு வா."

ஆபீஸ் தெரு முனை வரை போனேன். போய் நின்றேன். நான் சொன்னால் ஆடியில் பதில் வரும். அம்புஜம் சொன்னால் நாளைக்கே பெண்கள் மண்வெட்டியோடு வந்து நிற்பார்கள். இத்தனை வருஷம் தெரியாத உண்மை இல்லை. ஆனால் அந்த முனையில் நின்று அதை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்ததுதான் வலித்தது. திரும்பி அம்புஜம் வீட்டுக்கு நடந்தேன்.

நான் பாதி சொல்லும்போதே அவள் சாக்குக்கட்டியை எடுத்து ஒரு துணியில் வளைவு போட்டாள். "ஜாக்கெட்டுக் கைக்குழிக்கு வெட்டற மாதிரி. இல்லக்கா?"

ஆமாம், அதே மாதிரிதான். அதையும் அவள்தான் அழகாகச் சொல்ல வேண்டுமா?

31 மார்ச்

ஞாயிறு. பேட்டை விடுமுறை. முள் வெட்டி, பள்ளம் தூர்த்து, புது வளைவு நட்டாகிவிட்டது. பெண்கள் புது வழியில் நடந்து பார்த்தார்கள். சாமியைச் சுற்றி வந்த புண்ணியமும் ஆயிற்று என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள்.

அம்புஜம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "இது சொர்ணாம்பா அக்கா யோசனை. நான் மண்ணு தூக்குனதோட சரி."

அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். நிச்சயமாகத் தெரியும். இதிலும் அவள்தான் முந்திக்கொண்டாள்.

5 ஏப்ரல்

காசியம்மாளைக் கையைப் பிடித்து அழைத்துப்போய், ஷிப்ட் விடும் நேரத்தில் திருப்பத்தில் நிறுத்தினேன். லாரிகள் தயங்கித் தயங்கித் திரும்புவதைப் பார்த்தாள். "பாக்கலாம்" என்றாள். அவ்வளவுதான்.

12 ஜூன்

பாஞ்சாலை இன்று வேலைக்குப் போனாள். சைக்கிளில். அம்மா மேடை வரை கூடவே நடந்து, அங்கே நின்று, மகள் வளைவைக் கடந்து மறையும் வரை பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

நானும் அம்புஜமும் டீக்கடையில் இருந்தோம். வெளியூர்க்காரர் ஒருவர் இது யார் வைத்த சாமி என்று கேட்டார். "ரெண்டு டீச்சருங்க வச்சது" என்றான் பக்கிரி. அந்த "ரெண்டு" எனக்கு இன்னும் கொஞ்சம் உறுத்துகிறது. அம்புஜம் என் டம்ளரை வாங்கி ஆற்றிக் கொடுத்தாள். குடித்தேன்.

இதை யாராவது படிக்க நேர்ந்தால், நாளை மாலை இடுப்பில் ஒரு நிறைகுடத்தோடு உங்கள் தெருவின் ஓரமாகவே நடந்து, எந்த இடத்தில் சாலைக்குள் இறங்க வேண்டியிருக்கிறது என்று பாருங்கள்.