ஞாயிற்றுக்கிழமைகளில் நீ பார்த்தது

இன்று பல் மருத்துவமனையில் காத்திருந்தபோது கிராம்பு எண்ணெய் வாசனை வந்தது. உடனே உன் ஞாபகம். நர்ஸ் என் பெயரை இரண்டு முறை கூப்பிட்டாராம். எனக்குக் கேட்கவில்லை. மனம் இரண்டாயிரத்து மூன்றுக்கு, புனேயின் ஔந்த் பகுதியில் நாம் அறைத்தோழர்களாகக் குடியிருந்த வீட்டுக்குப் போய்விட்டிருந்தது.

நமக்கு அப்போது இருபத்தைந்து வயது. ஹிஞ்சேவாடியில் ஒரே கம்பெனி. நான் தினம் ஒரு பாக்கெட் சிகரெட் பிடிப்பேன். நீ தொட்டதே இல்லை. ஆனாலும் நான் புகைத்து முடிக்கும்வரை டீக்கடையில் கிளாஸோடு பக்கத்தில் நிற்பாய். விட்டுவிடு என்று ஒருநாளும் சொன்னதில்லை.

இடது கன்னத்தின் உட்புறம் வெள்ளையாக ஒரு திட்டு தெரிந்தபோது உன்னிடம்கூடச் சொல்லவில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் வாய்ப் புற்றுநோய்ப் படங்களைத் தேடிப் பார்ப்பேன். வீட்டுக்கு வந்ததும் பாத்ரூம் கண்ணாடி முன்னால் கன்னத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பேன். சாப்பாடு இறங்கவில்லை. பயத்தில் சிகரெட் இன்னும் கூடியது. டாக்டர் 'ஆமாம்' என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று போகாமலே மூன்று வாரம் ஓட்டினேன்.

ஒரு சனிக்கிழமை காலை, உள்ளே அரை மணி நேரமாக என்ன செய்கிறேன் என்று கேட்டுக் கதவைத் தட்டினாய். திறந்து சொல்லிவிட்டேன். நீ சிரிக்கவில்லை. ஒன்றும் இருக்காது என்று ஆறுதலும் சொல்லவில்லை.

"சட்டையப் போடு, போவோம்" என்றாய்.

கிராம்பு எண்ணெய் வாசனை அடித்த ஒரு பல் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாய். அங்கிருந்த மராத்தி டாக்டரம்மா கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வர ஐந்து நாள் ஆனது. அதுவரை தினமும் கம்பெனி வண்டியில் என் பக்கத்து சீட்டிலேயே வந்தாய். புற்றுநோய் இல்லை. புகையால் வந்த திட்டு, புகைப்பதை விட்டால் மறையலாம், விடாவிட்டால் ஆபத்தாகலாம் என்று டாக்டரம்மா இந்தியில் பொறுமையாகச் சொன்னார்.

இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை சிகரெட்டை விட்டேன். பயம்தான் என்னை விடவில்லை. ரிப்போர்ட் மாறிப்போயிருக்குமோ என்று மறுபடியும் கண்ணாடி முன்னால் நின்றேன்.

"ஞாயித்துக்கெழம காலைல நான் பாக்கேன். மத்த ஆறு நாளும் நீ பாக்கக் கூடாது. ஏதாவது மாறிச்சுன்னா நானே டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போவேன்" என்றாய்.

ஒரு வருஷம் பார்த்தாய். பால்கனி வெயிலில் என்னை உட்காரவைத்து, டார்ச் அடித்து, இரண்டு கன்னம், ஈறு, நாக்குக்கு அடியில் என்று நிதானமாகப் பார்ப்பாய். "அப்படியேதான் இருக்கு" என்பாய். பிறகு "மங்கிட்டு வருது" என்றாய். கடைசியில் ஒரு ஞாயிறு, "இல்லலே, போயிட்டு" என்றாய். ஒவ்வொரு முறையும் நேராகப் போய் வெகுநேரம் கை கழுவுவாய். பெரிய டாக்டர் என்று உன்னைக் கேலி செய்திருக்கிறேன்.

போன வருஷம் மாரடைப்பில் நீ போய்விட்ட செய்தி கேட்டுத் திருநெல்வேலிக்கு வந்தேன். உன் தங்கை என்னிடம் முதலில் கேட்டதே, "இப்ப வாய்க்கு ஒண்ணும் இல்லல்லா, அண்ணே?" என்றுதான். அவளுக்கு எப்படித் தெரியும் என்று விழித்தேன்.

"எங்க அப்பாவுக்கு வாய்லதான் புத்துநோய் வந்துது. அண்ணன் அப்ப காலேஜ்ல படிச்சான். கடைசி வரைக்கும் புண்ணக் கழுவி மருந்து போட்டது அவன்தான். உங்களப் பத்திச் சொல்லும்போது, அப்பாவ ஆரம்பத்துலயே யாரும் பாக்கலியேன்னு போன்ல அழுதான்."

உன் அப்பா இறந்துவிட்டார் என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். எதனால் என்று நீ சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் நான் எப்படிப் பயந்திருப்பேன் என்று உனக்குத் தெரியும். அப்பாவிடம் பார்த்ததை என் வாயில் தேடிக்கொண்டே ஒரு வருஷம் ஞாயிறுதோறும் டார்ச்சைப் பிடித்திருக்கிறாய். உனக்கு நன்றி என்று ஒருமுறையாவது சொன்னேனா? நினைவில்லை. இப்போது சொல்கிறேன்.

போன மாதம் என்னோடு வேலை செய்யும் ஒரு பெண் கழுத்தில் கட்டி இருக்கிறது, பயமாக இருக்கிறது என்றாள். ஒன்றும் இருக்காது என்று இப்போதெல்லாம் நான் யாரிடமும் சொல்வதில்லை. எப்போது போகலாம் என்று கேட்டேன்.