சோற்று நேரம் வரை

அன்புள்ள நண்பருக்கு,

இன்று காலை தலைக்கு மேல் மின்விசிறி சட்டென்று மந்தமானது. பக்கத்துப் பனியன் கம்பெனியில் மோட்டார்களைப் போட்டுவிட்டார்கள், வேறொன்றுமில்லை. ஆனால் என் கையில் மகளின் ரத்தப் பரிசோதனைச் சீட்டு இருந்தது. அவளுக்கு அடுத்த மாதம் பிரசவம். ரத்த அளவு நன்றாகத்தான் இருக்கிறது. அதனால்தான் பயமாக இருக்கிறது.

கர்ப்பப்பையில் கட்டி என்று என் மனைவிக்கு ஆபரேஷன் நடக்கவிருந்த அந்தக் காலை உங்களுக்கு மறந்திருக்காது. ரத்தம் போய்ப் போய் வெளுத்துக் கிடந்தாள். ஆஸ்பத்திரியின் பரிசோதனை அறையில் நீங்கள் அவள் ரத்தத்தை ஒல்லியான கண்ணாடிக் குழாயில் விட்டு, மிஷினில் சுற்றி, அடியில் படிந்த சிவப்பணுக்களின் உயரத்தைப் பார்த்தீர்கள். நூற்றுக்கு முப்பத்தாறு. அது போதும், கத்தி வைக்கலாம் என்றார்கள். எனக்கு உயிர் வந்தது. நீங்களோ பேனாவை எடுக்கவே இல்லை.

"ஏனுங்க, எழுதிக் குடுக்கலீங்களா?"

"மிஷின் சத்தம் கம்மியாக் கேட்டுச்சுங்க. கம்பெனியெல்லாம் ஓடுது, கரண்ட்டு எறங்கிக் கெடக்குது. மெதுவாச் சுத்துனா அணு இறுகிப் படியாதுங்க. அணுவுக்கு நடுவுல தண்ணி நின்னு, ரத்தம் நெறைய இருக்கறாப்பல காட்டிப்போடும். சோத்து நேரத்துக்கு மோட்டார நிறுத்துவாங்க, அப்ப மறுக்காச் சுத்திப் பாக்கலாமுங்க."

டாக்டர் இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நானே ஒரு பனியன் கம்பெனிக்காரன், என்னிடமே மோட்டாரைக் குறை சொல்கிறீர்களே என்றுகூடத் தோன்றியது.

"நீங்க பாத்த அளவுதானுங்களே, அதையுமா நம்ப மாட்டீங்க?"

"என்ற அளவு மேல எனக்கே நம்பிக்கையில்லீங்க. கொஞ்சம் பொறுத்துக்குங்க."

சோற்று நேரத்துக்குக் கம்பெனிச் சங்கு ஊதியது. தெருவே அடங்கியது. மிஷின் அப்போதுதான் வீறிட்டுச் சுற்றியது. அதே குழாயில் சிவப்பு இறங்கி இருபத்தேழில் நின்றது. அதன் பிறகே பேனாவை எடுத்துச் சீட்டை எழுதினீர்கள். ஆபரேஷனைத் தள்ளிவைத்து, முதலில் ரத்தம் ஏற்றினார்கள். அன்று காலையே கத்தி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாம் இருவரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

இப்போது என் மனைவி உள்ளே மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருக்கிறாள். "அளவு நல்லாத்தானுங்க இருக்குது, ஏன் மொகம் வாடிக் கெடக்குது?" என்கிறாள். மறுபடி ஒருமுறை பார்த்துவிடலாம், சோற்று நேரத்தில் போகலாம் என்று சொல்லிவிட்டேன். போவோம். ஆனால் தன் அளவைத் தானே நம்பாத ஒருவர், நீங்கள் இல்லாத அந்த அறையில் இன்று இருக்கிறாரா என்று நான் யாரிடம் கேட்பது?