ஒத்திகை நாற்காலி

ஜனவரி 11

அன்பு நண்பன் ஹாரனுக்கு,

பள்ளிக்கூடத்து மணிக்காரன் எழுதுவது. இங்கே நான் நலம். நீயும் உன் மகன் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கையெழுத்தைப் பார்த்து யாரோ என்று நினைத்திருப்பாய். யாரையும் எழுதச் சொல்லவில்லை, நானேதான் எழுதுகிறேன். நீ இங்கே ஹாரனை அலறவிட்டுப் பள்ளி வேன் ஓட்டிய காலத்தில், நான் கைநாட்டு வைத்துவிட்டு வரும்போதெல்லாம் "வண்டியைத் தொடாதடா, மை ஒட்டிரும்" என்று விரட்டுவாயே, அந்த விரல்தான் இப்போது பேனா பிடித்திருக்கிறது. நீ போன பிறகு ஒன்றாம் வகுப்பு டீச்சர் கடைசி பெஞ்சில் எனக்கு ஓர் இடம் கொடுத்தார். முதல் மணி அடித்துவிட்டுப் போய் உட்காருவேன், இடைவேளை மணிக்கு எழுந்து வருவேன். குட்டை பெஞ்சு. முட்டி தாடையில் இடிக்கும். பக்கத்தில் இருந்த பொடியன், "தாத்தா, நீங்க எத்தனை வருஷமா ஃபெயில்?" என்று கேட்டான். சிரித்த சிரிப்பில் அன்றைக்கு இடைவேளை தாமதமாகத்தான் வந்தது.

ஒரு வரி எழுதினால் எழுந்து முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறேன். அவ்வளவு சந்தோஷம். நீ போன் பண்ணாதே. எழுது. எனக்குப் படிக்க ஏதாவது வேண்டும்.

கேட்டுக்குப் பக்கத்துக் கரும்பலகையில் வரும் நிகழ்ச்சிகளை எழுதும் வேலையைத் தலைமை சிஸ்டர் என்னிடம் கொடுத்துவிட்டார். இப்போது பலகையில் இருப்பது: பெற்றோர் கூட்டம், பழைய புத்தக விற்பனை, மைதானம் சுத்தம் செய்யும் சனிக்கிழமை (மண்வெட்டி வைத்திருப்பவர்கள் கொண்டுவரவும்), விளையாட்டு விழா. கடைசியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் முதல் பாவசங்கீர்த்தனம், அதற்கு அடுத்த ஞாயிறு அவர்கள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை. உன் பேத்தியும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறாள்.

அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. பாவசங்கீர்த்தனத்துக்கு ஒத்திகை வைத்தார் சிஸ்டர். ஃபாதர் வெளியூர் போயிருந்தார். காலி நாற்காலியிடம் பேசிப் பழகினால் பிள்ளைகளுக்குப் பயம் போகாது என்று, கோவிலில் அந்தத் திரை போட்ட மரக்கூண்டுக்குள் ஃபாதர் நாற்காலியில் என்னை உட்கார வைத்துவிட்டார். "நீங்க ஒண்ணும் பேச வேண்டாம், 'சரி, போய் வா'ன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். பிள்ளைகளிடம், "இன்னைக்கு உங்க சொந்தப் பாவம் வேண்டாம். பென்சிலை எடுத்துட்டேன்னு சும்மா சொல்லுங்க, போதும்" என்றார். ஒவ்வொன்றாக வந்து முழங்காலிட்டுப் பென்சிலை எடுத்தேன், பென்சிலை எடுத்தேன் என்று சொல்லிவிட்டுப் போயின. இதெல்லாம் உண்மையாக இருந்தால் மூன்றாம் வகுப்பில் எழுதவே ஒன்றும் மிஞ்சியிருக்காது. ஒருத்தன், "நான் ஒண்ணுமே எடுக்கலையே, நான் என்ன சொல்ல?" என்று என்னையே கேட்டான்.

அப்புறம் உன் பேத்தி வந்தாள். பென்சில் இல்லை. கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு சொன்னாள்: "அன்னைக்கு எங்க வீட்டு கேட்டைத் திறந்து போட்டது நான்தான். பந்து எடுக்கப் போனேன். தம்பி ரோட்டுக்குப் போயிட்டான். அம்மா ஓடிப் போய்த் தூக்கிட்டு வந்து கத்தினாங்க. தாத்தாதான் திறந்து வச்சிட்டாருன்னு சொல்லிட்டேன். தாத்தாவும் நான்தான் மறந்துட்டேன் போலன்னு சொல்லிட்டாரு."

கேட்டாயா ஹாரா? உனக்கு மறதியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. புத்தி போய்விட்டது என்று நீயே உன்னை நம்பி, வேன் சாவியைச் சிஸ்டர் மேசையில் வைத்துவிட்டு, மகள் வீட்டிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு போனாயே. இனிமேல் தலை நிமிர்ந்து நட.

சொல்லலாமா என்று ஒரு பொழுது யோசித்தேன். உள்ளே கேட்டதை ஃபாதர் உயிரே போனாலும் வெளியே சொல்ல மாட்டார் என்று சிஸ்டர் பிள்ளைகளுக்குச் சொன்னது என் காதிலும்தான் விழுந்தது. ஆனால் இது ஒத்திகை. நான் ஃபாதரும் இல்லை. உனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வேன்?

உன்,
மணிக்காரன்


ஜனவரி 18

மணிக்கு,

உன் கடிதத்தை வாசலில் நின்றபடியே படித்தேன். திரும்பவும் படித்தேன். மருமகள், "என்ன மாமா, யாராவது தவறிட்டாங்களா?" என்று கேட்டாள். இல்லைம்மா, ஒருத்தன் பிழைத்துவிட்டான் என்றேன்.

இங்கே நான் இருந்த லட்சணம் உனக்குத் தெரியாது. குழாயை மூடினேனா என்று பார்க்கப் போவேன், பார்த்துவிட்டு வந்து மறுபடியும் போவேன். மகன் என்னிடம் சாவி கொடுப்பதில்லை. தெருமுனைக்குப் போனாலும் மருமகள் ஜன்னலில் நிற்பாள். எத்தனை வருஷம் வேன் ஓட்டினேன், ஒரு பிள்ளையை வழியில் விட்டிருப்பேனா? என் சொந்தப் பேரனை ரோட்டில் விட்டுவிட்டேன் என்று நினைத்து, கண்ணாடியில் என் மூஞ்சியைப் பார்க்கவே கூசிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே மகளுக்குப் போன் போட்டேன். "என்னைப் பைத்தியக்காரன் ஆக்கினியே, உன் பொண்ணை இப்பக் கூப்பிடு" என்றேன். வந்தாள். "மணிக்காரர்கிட்ட என்னமோ சொன்னியாமே, அதை எங்கிட்டச் சொல்லு" என்றேன். பேச்சே இல்லை. "குட்டிப் பொய்க்காரி" என்று சொல்லிவிட்டு வைத்தேன். மகள் அழுதுகொண்டே திரும்பக் கூப்பிட்டாள். நான் எடுக்கவில்லை. கொஞ்ச நாள் அழட்டும்.

மறதி மாத்திரையைக் குப்பையில் போட்டாயிற்று. உனக்கு எப்படி நன்றி சொல்வேன் என்று தெரியவில்லை. எழுத்து நன்றாக இருக்கிறது. கோடுதான் மேடேறிப் போகிறது, நீ சைக்கிள் ஓட்டுகிற மாதிரி.

உன்,
ஹாரன்


ஜனவரி 29

ஹாரனுக்கு,

உன் கடிதம் வந்த அன்று கேட்டில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். அதற்குப் பிறகு அதை எடுத்துப் பார்க்கவில்லை.

முதல் பாவசங்கீர்த்தனம் நேற்று. பிள்ளைகள் தலையைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு கோவிலில் வரிசையாக நின்றார்கள். முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் போய் வந்தார்கள். உன் பேத்தியின் முறை வந்தது. அவள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். சிஸ்டர் குனிந்து, "போம்மா, என்ன பயம்?" என்றார்.

"உள்ள சொன்னா வீட்டுக்குப் போன் வரும் சிஸ்டர்" என்றாள்.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் கோவிலில் எது சொன்னாலும் கேட்கும். அவளுக்குப் பின்னால் நின்ற பெண் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவளுக்கும் பின்னால் நின்றவன் உட்கார்ந்தான். அப்படியே கடைசிவரை உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் வராததைப் பார்த்து ஃபாதர் திரையை விலக்கி எட்டிப் பார்த்தார். நான் மெழுகுத்தட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். சுரண்ட ஒன்றும் இல்லாமல் போன பிறகும் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

சாயந்திரம் கேட்டில் அம்மாக்கள் கூடிவிட்டார்கள். "நம்ம வீட்டுக் கதையெல்லாம் கேட் வாசல்லயே கிடைக்குதாம்" என்று ஒருத்தி சொன்னாள். ஒருத்தர் என் பக்கத்தில் வந்து மெதுவாக, "என் பையன் என்ன சொன்னான் பெரியவரே?" என்று கேட்டார். நான் போய் மணியை அடித்துவிட்டேன். அது மணியடிக்கும் நேரமே இல்லை.

சிஸ்டர் திட்டியிருந்தால் தேவலாம். "உங்களை அந்த நாற்காலியில உட்கார வச்சது நான். பதில் சொல்ல வேண்டியவளும் நான்தான்" என்று ஃபாதரிடம் எனக்கு எதிரிலேயே சொன்னார். பிறகு என்னைப் பார்க்காமல், "பலகையில புதுநன்மை வரியை அழிச்சிடுங்க, தேதி பிறகு பார்க்கலாம்" என்றார். எத்தனை ஆசையாக எழுதிய வரி. ஈரத்துணியால் துடைத்தேன். பலகையில் அந்த இடம் மட்டும் இன்னும் கறுப்பாகத் தெரிகிறது. வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள்.

உன் பேத்தி காலையில் வரும்போது என் ஸ்டூலைத் தட்டி, "என்ன மணிக்காரரே, தூக்கமா?" என்பாள். இப்போது ஷூவைப் பார்த்தபடியே என்னைக் கடந்து போகிறாள். இந்த வயதில் ஒரு சின்னப் பெண் எதிரே வந்தால் நான் தூணுக்குப் பின்னால் போய் நிற்கிறேன் ஹாரா.

எனக்கு எழுத வந்துவிட்டது. எதை எழுதக் கூடாது என்று தெரியவில்லை. ஒத்திகைதானே என்று உனக்கு எழுதினேன். அவளுக்கு அது ஒத்திகை இல்லை என்று அப்போதே எனக்குத் தெரியும். நல்ல சேதி ஒன்று கையில் இருந்தது, அதை என் கையால் எழுத வேண்டும் என்ற ஆசை. அவ்வளவுதான்.

நீ அவளுக்கு இரண்டு வரி எழுது. திட்டாமல் எழுது.

மணிக்காரன்


பிப்ரவரி 5

மணிக்கு,

எழுத உட்கார்ந்தேன். 'அன்புள்ள' என்று போட்டேன். அதற்கு அடுத்த வரியே புத்திமதியாக வந்தது. கிழித்தேன். அடுத்த தாளில் என் மனசு எவ்வளவு புண்பட்டது என்று வந்தது. எட்டு வயதுப் பிள்ளையிடம் போய் என் மனசைப் பற்றி எழுதுகிறேன். அதையும் கிழித்தேன்.

வேனில் எந்தப் பிள்ளை என்ன சேட்டை செய்தாலும் வீட்டில் சொன்னதில்லை நான். சீட்டில் வாந்தி எடுத்தவனை, சீட்டைக் கிழித்தவனை, அழுதவனை, ஒருத்தனைக்கூடக் காட்டிக்கொடுத்ததில்லை. என் பேத்தி ஒரே ஒரு பொய் சொன்னாள். அதற்கு நான் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும் என்று மருமகள் சொல்கிறாள். போனில் அவள் மூச்சு எனக்கும் கேட்டது மணி. பேசாமல் மூச்சு மட்டும். நீ எழுதியிருந்தாயே, அதே மாதிரி.

வா என்று சொல்லாதே. எந்த முகத்தை வைத்துக்கொண்டு வருவேன்? புத்தி சரியில்லாதவனாகப் போனேன். கத்துகிறவனாகத் திரும்பி வரவா? நீ அவளிடம் சொல், தாத்தாவுக்குக் கோபம் இல்லை என்று. அவள் எப்படி இருக்கிறாள், என்ன பேசுகிறாள் என்று எல்லாவற்றையும் எழுது. உன் கடிதம் ஒன்றுதான் எனக்கு வழி.

ஹாரன்


பிப்ரவரி 15

அன்பு ஹாரனுக்கு,

இந்தக் கடிதத்தை எழுத அனுமதி வாங்கியிருக்கிறேன். யாரிடம் என்று பிறகு சொல்கிறேன்.

சிஸ்டரிடம் போய்க் கேட்டேன், அந்தக் கூண்டை இன்னொரு தடவை ஒத்திகைக்குத் தருவீர்களா என்று. என்னை ஏற இறங்கப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். ஃபாதரைக் கேட்டுவிட்டு வந்து, "அவ சம்மதிச்சா சரி" என்றார். அவள் நாலு நாள் சம்மதிக்கவில்லை. ஐந்தாம் நாள் மதிய இடைவேளையில் என் ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "நாற்காலியில யாரு?" என்று கேட்டாள். "நீதான்" என்றேன்.

அவள் போய் ஃபாதர் நாற்காலியில் உட்கார்ந்தாள். கால் தரையைத் தொடவில்லை. சிஸ்டர் வாசலுக்கு வெளியே, எங்களைப் பார்க்கிற, ஆனால் பேச்சுக் கேட்காத தூரத்தில் நின்றார். நான் பிள்ளைகள் முழங்காலிடும் பலகையில் முழங்காலிட்டேன். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரிவதில்லை. நான் உள்ளே உட்கார்ந்தபோது இது எனக்குத் தெரியாது. யார் இருக்கிறார்கள், கேட்கிறார்களா, சிரிக்கிறார்களா, ஒன்றும் தெரியவில்லை. பென்சிலை எடுத்தேன் என்று சொல்லிவிட்டு ஓடிவிடலாமா என்றுகூட வந்தது.

சொன்னேன். "ஒரு பிள்ளை எங்கிட்டச் சொன்னதை வெளியே சொல்லிட்டேன். அது நல்லதுக்குன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். என் எழுத்தைக் காட்டிக்கிறதுக்குத்தான் எழுதினேன்."

அவள் பேசியதில், இதில் எழுத அனுமதி இருப்பதை மட்டும் எழுதுகிறேன். "உள்ள நீங்கதான் இருக்கீங்கன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். உங்க இருமல் கேட்டுச்சு. நீங்கன்னுதான் சொன்னேன்" என்றாள்.

தலையை அந்தக் கூண்டு மரத்தில் முட்டுக் கொடுத்துக்கொண்டேன் ஹாரா. வேறு எதையும் தாங்கியிருப்பேன்.

பிறகு சிஸ்டர் குரலிலேயே, "இப்ப உங்களுக்குப் பரிகாரம்" என்றாள். பத்து ஜெபம், இருபது ஜெபம் என்று நினைத்தேன். "தாத்தாவுக்கு நீங்க இனிமே லெட்டர் எழுதக் கூடாது."

"எதுவரைக்கும்?"

"தாத்தா வர்ற வரைக்கும்."

எனக்கு எது பிடிக்கும் என்று இந்தப் பிள்ளைக்கு எப்படித்தான் தெரிந்ததோ. உள்ளேயிருந்து, "தாத்தா கோபமா இருக்காரா?" என்று கேட்டாள். இப்போது சிஸ்டர் குரல் இல்லை, அவள் குரல். நீ சொல்லச் சொன்ன பதில் என் நுனிநாக்கில் இருந்தது. "அதை நான் சொல்லக் கூடாதும்மா. நீதான் கேட்கணும்" என்றேன். அவள் உள்ளே காலை ஆட்டுவது கூண்டு மரத்தில் கேட்டது. அவள் அழுதாளா, சிரித்தாளா, இனிமேல் ஃபாதரிடம் போவாளா மாட்டாளா என்றெல்லாம் நீ கேட்பாய். கேட்காதே. நான் எழுத மாட்டேன்.

வெளியே வந்த பிறகு, பரிகாரத்தைத் தெரிவிக்க ஒரே ஒரு கடிதம் எழுதிக்கொள்ளலாமா என்று கெஞ்சினேன். யோசித்து, "ஒண்ணே ஒண்ணு. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள். "கேட் பலகை?" என்றேன். "பலகை லெட்டர் இல்லையே, அது எழுதலாம்" என்றாள்.

ஆகவே இதுதான். நீ எழுதினால் படிப்பேன், பதில் வராது. எழுதாமல் இருக்க எனக்குக் கை நமைச்சல் எடுக்கும், உனக்குத் தெரியும். அதற்காகவாவது சீக்கிரம் ஒரு வழி செய்.

நேற்று சிஸ்டர் என்னைக் கூப்பிட்டுப் பலகையில் ஒரு வரி எழுதச் சொன்னார். எந்த வரி, என்றைக்கு என்று இந்தக் கடிதத்தில் எழுத எனக்கு அனுமதி இல்லை. துடைத்த இடத்திலேயே எழுதியிருக்கிறேன், நல்ல பெரிய எழுத்தில். கேட்டுக்கு வெளியே நின்றாலே தெரியும்.

உன்,
மணிக்காரன்