என் மகளின் இரத்தத்தை எடுத்த மிஸ்ஸிக்கு

மிஸ்ஸி, நீர் எனக்குச் செய்தது அநியாயம். என் மகளின் இரத்தத்தை எனக்குத் தெரியாமல் எடுத்தீர். அதில் இருந்ததை அவளுக்குச் சொன்னீர், அவளுடைய புருஷனுக்குச் சொன்னீர், எனக்குச் சொல்லவில்லை. பெற்றவள் நான். ஒட்டுசுட்டானில் எத்தனையோ பிள்ளைகளை இந்தக் கையில் ஏந்திய ஊர் மருத்துவிச்சி நான். நீர் கண்ணை மூடி மூன்று வருடமான பிறகு, போன கிழமைதான் இது எனக்குத் தெரியவந்தது. சண்டை பிடிக்க ஆளில்லாமல் போய்விட்டீர். ஆகவே எழுதுகிறேன்.

பேத்தி கிளினிக்கால் வந்து என் பக்கத்தில் இருந்தாள். இது அவளுக்கு மூன்றாம் மாதம். முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது. அந்த ஸ்பிரிட் மணம் உம்முடைய மணம். எங்கள் ஒழுங்கையால் நீர் சைக்கிளில் போனால், போய்க் கனநேரத்துக்குப் பிறகும் அது எனக்கு மணக்கும். அவளுடைய கிளினிக் அட்டையை வாங்கிப் படித்தேன். எழுத்தை எனக்கு எவரும் சொல்லித் தரவில்லை. கடையில் சாமான் சுற்றித் தந்த பேப்பர்களில் நானே கூட்டிக் கூட்டிப் படித்தது. இரத்தத்தில் சிபிலிஸ் என்கிற மேகநோய்க்கு ஒரு பரிசோதனை, எச்.ஐ.வி.க்கு ஒரு பரிசோதனை என்று இருந்தது.

"இந்த அசிங்கமெல்லாம் எங்கட குடும்பத்துக்கு என்னத்துக்கு?" என்றேன்.

பேத்தி கிணற்றடிக்குப் போகும்வரை மகள் பொறுத்திருந்தாள். பிறகு குசினி வாசலில் நின்றபடியே சொன்னாள்: "அம்மா, அதில ஒரு பரிசோதனை இல்லையெண்டால் இவளே இல்லை."

எழுதுவதற்கு அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். பெயரை மாற்றச் சொன்னாள். கலா என்று வைத்துக்கொள்வோம்.

அரசாங்க மருத்துவிச்சியான நீர் இடம்பெயர்ந்து முல்லைத்தீவுக் கரையிலிருந்து எங்கள் பக்கம் வந்தது தொண்ணூற்றாறில். அதற்கு முன், ஊரில் ஒருத்திக்கு வயிற்றில் நின்றால் முதலில் எனக்குத்தான் செய்தி வரும். நீர் வந்து ஆறு மாதத்தில் அதே பெண்கள் என் படலையைக் கடந்து உம்முடைய ஓலைக் கொட்டில் கிளினிக்குக்குப் போனார்கள். நான் வேலியோடு நின்று எண்ணுவேன். ஒருநாள் பொறுக்கமுடியாமல் கொட்டில் வாசலுக்கே வந்தேன்.

"என்ன மிஸ்ஸி, நுளம்பு மாதிரி ஆக்களின்ர இரத்தத்தை உறிஞ்சுறீராம்?"

"நுளம்பு கேளாமல் குடிக்கும் அக்கா. நான் கேட்டுத்தான் எடுக்கிறன்" என்றீர். வாங்குப் பலகையில் காத்திருந்த பெண்கள் சிரித்தார்கள். என் வாடிக்கைக்காரர் அத்தனை பேரும்.

கலாவின் முதற்பிள்ளை எட்டாம் மாதத்தில் இறந்து பிறந்தது. என் கையில்தான். தோலைப் பார்த்தபோதே அது வயிற்றுக்குள் இறந்து சில நாளாகிவிட்டது என்று தெரிந்தது. ஏனென்று தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை, கண்ணூறு என்றேன். அம்மன் கோயிலில் நூல் மந்திரித்து அவளுடைய இடுப்பில் கட்டினேன். துக்கம் விசாரிக்க வந்த நீர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னீர்: "அக்கா, அடுத்த முறை வெள்ளெனவே அனுப்புங்கோ. இரத்தம் பாக்கவேணும். மேகநோய் இருந்தாலும் பிள்ளை இப்பிடிப் போகும்."

"என்ர மகளை என்னெண்டு நினைச்சீர்? எழும்பும்!" என்று கதிரையை இழுத்தேன். உள்ளே படுத்திருந்த கலாவுக்கு அது கேட்டிருக்கிறது.

மறுவருடம் அவளுக்கு வயிற்றில் நின்றது. எனக்குச் சொல்ல முன்னம் உமக்குச் சொல்லியிருக்கிறாள். இதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. நீர் இரத்தத்தைக் குழாயில் எடுத்து, ஈரச்சாக்குச் சுற்றிய பெட்டியில் வைத்து, சைக்கிளில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீராம். மறுமொழி வர மூன்று கிழமை. நோய் இருந்தது. முதற்பிள்ளைக்கு முன் வெளிநாடு போகவென்று கொழும்பு லொட்ஜில் எட்டு மாதம் கிடந்து வெறுங்கையோடு திரும்பிய மருமகனுக்கும் இருந்தது. பொருளாதாரத் தடையால் மருந்தே வராத அந்தக் காலத்தில் இரண்டு பேருக்கும் கிழமைக்கொரு தரமாக மூன்று தரம் ஊசிமருந்து எங்கே பிடித்தீரோ தெரியாது.

இடுப்பில் ஊசி போட்ட அந்த மூன்று கிழமையும் கலா காலை இழுத்து இழுத்து நடந்தாள். பிள்ளைத்தாச்சியின் இடுப்புக்குத்து என்று நினைத்து நான் நல்லெண்ணெய் காய்ச்சித் தடவினேன். உம்முடைய ஊசி வலிக்கு என்னுடைய எண்ணெய்! மருமகனும் அதே நாட்களில் நொண்டினார். "என்ன தம்பி, உங்களுக்கும் மாசம் நிண்டிட்டுதோ?" என்று நான் கேட்க, அந்த மனுசன் தலையைக் குனிந்துகொண்டு, "ஓம் மாமி, உங்கட எண்ணெயில கொஞ்சம் தாங்கோ" என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

பிள்ளை உயிரோடு பிறந்தது. வீரிட்டு அழுதது. ஆஸ்பத்திரியில் நீர் ஏந்தினீர். வீட்டுக்கு வந்ததும் நான் வாங்கினேன். வேலிக்கப்பால் சைக்கிளைப் பிடித்தபடி நின்ற உம்மிடம், "பாத்தீரே? நான் கட்டின நூல்!" என்று கத்தினேன். "ஓம் அக்கா, வடிவான பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போனீர். அன்றைக்கு உம்மை வென்றுவிட்டேன் என்று நினைத்து வயிறு நிறையச் சாப்பிட்டேன். அந்தச் சோறு இப்போதுதான் நெஞ்சில் அடைக்கிறது.

கலா அந்தப் பிள்ளைக்கு உம்முடைய பெயரை வைத்தாள். சைவ வீட்டில் வேதக்காரரின் கிறிஸ்தவப் பெயர். மூன்று மாதம் அவளோடு கதைக்காமல் இருந்தேன். இன்றைக்கும் பேத்தியைப் "பிள்ளை" என்றுதான் கூப்பிடுகிறேன். உம்முடைய பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம் நீர் திரும்பிப் பார்ப்பதை நான் விரும்பவில்லை.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று போன கிழமை கலாவைக் கேட்டேன்.

"சொல்லியிருந்தால் என்ர மனுசனை வீட்டை விட்டுக் கலைச்சிருப்பியள். அவர் ஊசி போடாமல் ஓடியிருப்பார். மிஸ்ஸி 'கொம்மாவுக்குச் சொல்லுறதும் விடுறதும் உன்ர விருப்பம், என்ர வாயால வராது' எண்டு சொன்னவா."

கலைத்திருப்பேன். பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் உம்மை நான் மன்னிக்கவில்லை. எனக்கு வரவேண்டிய நம்பிக்கை உமக்குப் போனது. ஊருக்கெல்லாம் கையைக் கொடுத்தவளுக்குச் சொந்த மகள் கையை நீட்டவில்லை. நீர் நல்லவராக இருந்தது எனக்கு இன்னும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

இனிச் செய்யவேண்டியதை நான் சொல்கிறேன். நீர் சொன்னதென்று எவரும் நினைக்கவேண்டாம். வயிற்றில் நின்றது தெரிந்த உடனே பெண்கள் கிளினிக்குக்குப் போய்க் கையை நீட்டவேண்டும், ஒழுக்கமுள்ளவளும்தான். புருஷன்மாரும் கூடப் போய்ச் சட்டைக்கையை மடிக்கவேண்டும். மறுமொழியை மிஸ்ஸிமார் அவரவருக்கு மட்டும் சொல்லவேண்டும். எச்.ஐ.வி. என்று வந்தால் அவள் மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது, ஆஸ்பத்திரியில் பிள்ளை பெறவேண்டும், பிறந்த பிள்ளைக்கு அவர்கள் தருகிற மருந்தைக் கொடுக்கவேண்டும். அப்படிச் செய்தால் பிள்ளைக்குப் போகாமல் காக்கலாம் என்று பேத்தியின் மிஸ்ஸி சொன்னாள். நான் இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்தினேன். மாமிமார் வாயைப் பொத்தவேண்டும். கைமருத்துவம் பார்க்கிற என்னைப் போன்றவர்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகவேண்டும். தாய்மார் வெளியில் வாங்கில் இருக்கவேண்டும். கதவைத் திறந்து மகள் வந்து "ஒண்டுமில்லையம்மா" என்று சொன்னால், அது பொய்யென்று தெரிந்தாலும், "சரி பிள்ளை" என்று எழும்பி, அவளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சோறு போடவேண்டும்.