ரோட்டுக்கு அந்தப் பக்கம் நம்ம கோயில்

அன்புள்ள பாப்பாவுக்கு, அம்மா எழுதறது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைங்களும் நோய்நொடி இல்லாம இருக்கணும்னு தினமும் மாதாகிட்ட கேட்டுக்கிறேன். இங்க நாங்களும் சுகம்னு அடுத்த வரி எழுதணும், கை வரமாட்டேங்குது. போன்ல சொல்லலாம்னா அப்பா பக்கத்துலயே படுத்திருக்கார், இடுப்புக்குக் கீழ அசைவில்லாட்டியும் காது மட்டும் பாம்புக் காது, அதான் அடுப்படியில உக்காந்து எழுதறேன்.

அப்பா குளியலறையில வழுக்கிட்டார்னு சொன்னேன்ல, அது பொய். ரோட்ல வண்டி தட்டிருச்சு. நம்ம கோயில் பங்கை ரெண்டாப் பிரிச்சது உனக்குத் தெரியும், ஞாயித்துக்கிழமை எத்தனை பூசை வச்சாலும் பாதி ஜனம் வெளிய வெயில்ல நிக்குதுன்னு பிரிச்சாங்க. பெரிய ரோடுதான் எல்லையாம். நம்ம வீடு இந்தப் பக்கம், கோயில் அந்தப் பக்கம். இந்தப் பக்கத்துக்காரங்களுக்கு இப்போ பர்னிச்சர் கடை மாடியில பூசை, கீழ கட்டிலுக்கு ஆணி அடிக்கிற சத்தத்துலதான் சாமியார் பிரசங்கம் வைக்கணும். அப்பா ஒரு நாளும் அந்த மாடிப்படி ஏறல. நான் கட்டின கோயில் இருக்கும்போது கடை மாடியில எதுக்கு முட்டி போடணும்னு சொல்லிட்டு, காலையில குச்சியை ஊனிக்கிட்டு அந்த ரோட்டைத் தாண்டிப் போவார். திரும்பி வர்ற வரைக்கும் ஜன்னல்லயே நிப்பேன். கடைசியில நான் பயந்த மாதிரியே ஆயிருச்சு. ஆபரேஷனுக்கு இதயம் தாங்காது, வீட்டுலயே வச்சுப் பாத்துக்கங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். அதுக்கு என்ன அர்த்தம்னு உனக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

படுத்ததுல இருந்து அப்பா கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான், செத்தா என்னை எங்க வைப்பீங்கன்னு.  ஏன் கேக்கறார்னு உனக்குப் புரியணும்னா, நீ பொறக்கறதுக்கு முந்தி இங்க கோயிலே கிடையாது. சோப்பு ஃபேக்டரியும் எங்க லயன் வீடுங்களும் முள்ளுக்காடும்தான். எங்கயோ இருந்து ஒரு சாமியார் சைக்கிள்ல வருவார், சோப்பு அடுக்கற கொட்டகையில பூசை, பூசையில குடுக்கற அப்பத்தைக் கையில எடுத்தாலும் சோப்பு வாசனைதான். அப்பாவும் கூட வேலை செஞ்சவங்களும் ஷிப்டு முடிஞ்சு வந்து சுவர் எழுப்பினாங்க, நாங்க பொம்பளைங்க செங்கல் சுமந்தோம். அப்ப உன் அண்ணன் என் வயித்துல இருந்தான். கூரை போடறதுக்குள்ள பொறந்தான், மூணு வாரம் கூட இருக்கல. எங்க புதைக்கறதுன்னு தெரியாம நின்னப்போ அந்தச் சாமியார்தான் பீடத்துக்குப் பின்னாடி முள்ளை வெட்டி இடம் காட்டினார். நம்ம பங்கோட கல்லறைத் தோட்டத்துல முதல் குழி நம்ம பிள்ளைக்குத்தான் பாப்பா. அதுக்கப்புறம்தான் ஃபேக்டரி மூடி அடுக்குமாடி வந்து, எங்கெங்கயோ இருந்து ஜனம் வந்து, இன்னைக்கு நம்மளை யாருன்னே தெரியாத கூட்டம். அப்பாவுக்கு அவன் பக்கத்துல படுக்கணும். வேற ஆசையே கிடையாது அந்த மனுஷனுக்கு.

நான் பழைய கோயில் சாமியாரைப் போய்ப் பாத்தேன். சின்ன வயசு, நல்ல பிள்ளைதான். எல்லைக்கு வெளிய இருக்கறவங்களுக்கு இங்க இடம் தர முடியாதும்மா, உங்களுக்குக் குடுத்தா நாளைக்கு நூறு குடும்பம் வரும்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொன்னார். பங்குப் பேரவைச் செயலாளர் ஒருத்தர் இருக்கார், பிள்ளைங்க அவருக்கு ஒலிபெருக்கின்னு பட்டப்பேர் வச்சிருக்குதுங்க, அவர் பக்கத்துல இருந்து, மனசைப் பாத்தா நிர்வாகம் நடக்குமாம்மான்னு கேட்டார். நீங்க நிக்கற தரைக்கு நான் வயித்துப் பிள்ளையோட கல்லு சுமந்தேன் அய்யான்னேன். அது அந்தக் காலம்மான்னார். அந்த ஒரு வார்த்தையில நான் உடைஞ்சு போயிட்டேன். பிஷப் இருக்கற ஆயர் இல்லத்துக்கும் போனேன், உக்கார வச்சு மரியாதையாத்தான் பேசினாங்க, மரியாதையா முடியாதுன்னு சொன்னாங்க. திரும்பி வரும்போது பஸ்ல யார் பாத்தா என்னன்னு அழுதேன்.

அப்புறம் அந்தப் பழைய கோயில் சாமியாரே வீட்டுக்கு வந்தார். இடம் பத்தாம பழைய குழிங்களை எப்படியும் திரும்பத் தோண்டப் போறோம், வேணும்னா பிள்ளையோட எலும்பை எடுத்துக்கங்க, புதுப் பங்குக்கு ஊருக்கு வெளிய விட்டிருக்கிற இடத்துல வச்சு, பெரியவருக்கும் பக்கத்துலயே இடம் பிடிச்சுக்கலாம்னார்.  அப்பா என்னைப் பாத்து, என்னால அவன்கிட்ட போக முடியாதுன்னா அவனைக் கூட்டிட்டு வாடின்னு சொன்னார்.

தச்சர்கிட்ட சொல்லி ஒரு சின்னப் பெட்டி வாங்கிக்கிட்டுப் போனேன். குழி வெட்டறவர் மெதுவாத்தான் தோண்டினார், கடைசியில கையாலயே மண்ணைத் தள்ளிப் பாத்தார். ஒண்ணுமே இல்ல பாப்பா. பச்சைப் பிள்ளை எலும்பு, பூ மாதிரி, எத்தனை வருஷம் இருக்கும். பல்லு கூட முளைக்காத பிள்ளை. மேல வந்து, கோவிச்சுக்காதீங்கம்மா, மண்ணுதான் இருக்குன்னார், அவரே தப்பு பண்ணின மாதிரி. நான் என்ன செய்வேன் சொல்லு. குழிக்குள்ள இறங்கினேன், இந்த வயசுல, அவர் கையைப் பிடிச்சு. அடியில இருந்த மண்ணை எடுத்துப் பெட்டியை நிரப்பினேன். கூட வந்திருந்த சாமியார், மண்ணுன்னு தெரிஞ்சும், மூடி போட்டதும் மந்திரிச்சார்.  புது இடத்துல கொண்டுபோய் வச்சாச்சு, பக்கத்துல அப்பாவுக்கு இடம் விட்டிருக்கு.

வீட்டுக்கு வந்ததும் வந்துட்டானான்னு கேட்டார். வந்துட்டான்னேன். எப்படி இருந்தான்னு கேட்டார். சின்னதா, அப்படியே இருந்தான்னேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டு, அப்ப சரின்னார். அன்னைக்குத்தான் பல நாளைக்கப்புறம் ரெண்டு வாய் கூடச் சாப்பிட்டார்.

இது பாவமா இல்லையான்னு எனக்குத் தெரியல, கேக்கவும் தெம்பில்ல. எனக்கு ஆள் வேணும் பாப்பா. இத்தனை வருஷத்துல ஒரு நாளும் உன்னை வான்னு கூப்பிட்டதில்ல, இப்ப கூப்பிடறேன், லீவு குடுக்காட்டி வேலை போனாப் போகட்டும், கிளம்பி வா. அப்பா முகம் நாளுக்கு நாள் உள்ள போகுது. ராத்திரி மூச்சு இருக்கான்னு மூக்குல விரல் வச்சுப் பாத்துட்டுத்தான் படுக்கறேன்.

உங்க எல்லார் தலைமேலயும் ஆண்டவர் கை இருக்கட்டும், பிள்ளைங்க நெத்தியில எனக்காக ஒரு சிலுவை போடு. முக்கியமா ஒண்ணு. நீ போன் பண்ணும்போது, அண்ணனை என் பக்கத்துல கொண்டுவந்து வச்சாச்சு தெரியுமான்னு அப்பா சொல்லுவார். தெரியும்பா, அம்மா சொன்னாங்கன்னு சொல்லு. அழாம சொல்லு.

உன் அம்மா