மதிலுக்கு வெளியே ஒரு கோபுரம்

வெள்ளவத்தை,
4.4.1999

அன்புள்ள பத்மாவுக்கு,

நான் சுகம். மகள் சிவமணியும் பேரப்பிள்ளையும் அப்படியே இருப்பார்கள் என்று நம்புகிறேன். சியான் நகரத்து மதிலில் ஏறிப் பார்த்ததை எழுதியிருந்தீர். மேலே இரண்டு பஸ் அருகருகே போகலாம் என்கிறீர். நம்ப முடியவில்லை, ஆனால் நீர் கூட்டிச் சொல்கிறவர் அல்ல. நிலஅளவைத் திணைக்களத்துப் பழக்கத்தில், உமது கடிதங்களை வைத்து ஒரு வரைபடம் தொடங்கியிருக்கிறேன். நடுவில் மணிக்கோபுரம், நான்கு பக்கமும் பெரிய வாசல்கள். இந்தியாவிலிருந்து சீனத் துறவி ஒருவர் கொண்டுவந்த புத்த ஏடுகளுக்காகக் கட்டிய கோபுரத்தைத் தெற்கு வாசலுக்குச் சற்று உள்ளே போட்டிருக்கிறேன். சரிதானா? வாசல்களில் அடையாள அட்டை கேட்பார்களா?

என் பயணத்தைப் பற்றிக் கேட்டீர். மழை முடியட்டும் என்று பார்க்கிறேன். வீட்டைப் பூட்டிவிட்டு வருவதும் யோசனையாக இருக்கிறது. பிழையாக நினைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
க. கதிர்காமநாதன்


சியான்,
25.4.1999

இஞ்சாருங்கோ,

மனிசிக்கு எழுதும் கடிதத்தில் முதலெழுத்தோடு கையெழுத்து வைக்கிறவர் நீங்கள் ஒருவர்தான். "அப்பா சீனாவையும் கொழும்பு எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறார்" என்று சிவமணி சிரிக்கிறாள். வாசலில் ரிக்கற் மட்டும்தான் கேட்கிறார்கள். மதிலடியில் உங்கள் வயதுக்காரர் குருவிக்கூண்டுகளை மரக்கிளையில் கொழுவிவிட்டுப் பாட்டுப் பாடுகிறார்கள்.

கோபுரம் உள்ளே இல்லை. மதிலுக்கு வெளியே, தெற்கே, பஸ்ஸில் போக வேண்டும். அவ்வளவு பெறுமதியானதை வெளியே வைப்பார்களா என்று கேட்பீர்கள். அந்தக் காலத்து நகரம் இன்னும் பெரிதாம். இந்த மதில் பிறகு சுருக்கிக் கட்டியது.

அந்தத் துறவி காஞ்சிபுரம் வரை வந்து, நம் தீவில் பஞ்சமும் குழப்பமும் என்று கேள்விப்பட்டுக் கடல் தாண்டாமலே திரும்பிவிட்டாராம். 'பாரும், அவரும் என்னைப் போலத்தான்' என்று எழுதிவிடாதீர்கள். அவர் குழப்பத்துக்குள் வரப் பயந்தார். நீங்கள் அதைவிட்டு வரப் பயப்படுகிறீர்கள்.

எயார்போட் வான் வந்து நின்ற பிறகு, வயிறு சரியில்லை என்று என்னைத் தனியே ஏற்றிவிட்டீர்கள். கோபமில்லை. ஆனால் தன் படிப்பு முடியும்வரை இரண்டு வருடம் நிற்கச் சொல்கிறாள் சிவமணி. நான் ஓம் என்று சொல்லிவிட்டேன். உங்களுக்காகத் திரும்பி வரமாட்டேன். நீங்கள்தான் வர வேணும்.

பத்மாவதி


வெள்ளவத்தை,
16.5.1999

அன்புள்ள பத்மாவுக்கு,

கோபுரத்தை அழித்து மதிலுக்கு வெளியே போட்டேன். மனம் ஒப்பவில்லை. உமக்கு ஒரு பிரதி அனுப்பித் திருத்தச் சொல்லலாம் என்று, படத்தைச் சுருட்டிக்கொண்டு காலி வீதிப் போட்டோக்கொப்பிக் கடைக்குப் புறப்பட்டேன். அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு எல்லாம் சரிபார்த்துத்தான் போனேன். மதில், அகழி, வாசல்கள், காவற்கூண்டுகள் எல்லாம் குறித்த படத்தோடு, இந்த யுத்த காலத்தில் ஒரு தமிழன் சோதனைச் சாவடிக்குள் நடந்து போகலாமா என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

மத்தியானம் வரை ஒரு மர வாங்கில் இருத்தினார்கள். பிறகு சிங்கள அதிகாரி ஒருவர் வந்தார். "மே கொஹெத?" இது எங்கே என்றார். சீனா என்றேன். சட்டைப்பையிலிருந்த உமது கடிதத்தின் முத்திரையைக் காட்டினேன். துறவியின் கோபுரம் என்றதும் கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்துவிட்டார். எத்தனை மாடி? உள்ளே ஏற விடுவார்களா? ஏடுகள் இன்னும் இருக்கின்றனவா? எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. கடைசியில் கேட்டார்: "நோனா எஹெ, மஹத்தயா மெஹெ. ஏ மொகத?" மனிசி அங்கே, ஐயா இங்கே, அது ஏன்?

"வயிறு சரியில்லாமல் இருந்தது" என்றேன். பக்கத்தில் நின்ற சிப்பாய் சிரித்துவிட்டான்.

என்னை விட்டுவிட்டார்கள். படத்தை வைத்துக்கொண்டார்கள். இத்தனை வருடமாகச் சாவடியில் பிடிபடப் பயந்தேனே, அது அன்று நடந்து முடிந்தது. வீடு திரும்பும் வழியெல்லாம் எத்தனை மாடி என்பதே மனத்தில் ஓடியது.

ஜூன் பன்னிரண்டாம் தேதிக்கு விமான ரிக்கற் எடுத்திருக்கிறேன். வீட்டைப் பூட்டித் திறப்பை மேல்மாடி ஐறீனிடம் கொடுக்கிறேன். படத்தைத் திரும்ப வரைய வேண்டும். கோபுரத்தைப் பற்றி இனி ஒன்றும் எழுத வேண்டாம். நானே வந்து பார்க்கிறேன்.

வயிறு இப்போதும் சரியில்லை. இருந்தாலும் எயார்போட் வானில் ஏறுவேன்.

உமது,
க. கதிர்காமநாதன்