வர்கீஸ் ஊர் பேராலயத்து மணி

கார்த்திகை 9, ஞாயிறு

இந்தக் குடியிருப்பு பிளாக்கில் கதை சொல்ல என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அக்கா மகள் மலரே சாட்சி. சின்ன வயதில் என் கதை இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது.

இன்று சாயங்காலம் என் ஷிப்ட்டில் வேலை பார்க்கும் மலையாளி வர்கீஸ் வீட்டுக்கு வந்தான். அவன் ஊர்ப் பழைய ஆர்த்தடாக்ஸ் பேராலயத்தின் வரலாற்றைச் சொன்னான். முதலில் ஓலைக் கூரையாம். அது எரிந்த பிறகு செம்பாறைக் கல்லில் கட்டினார்களாம். எரிந்த அன்றுகூட வாசல் கல்விளக்கு அணையவில்லையாம். மலர் கண்கொட்டாமல் கேட்டாள். எனக்கு வயிறு எரிந்தது.

"அந்தக் கோயில் மணியக் கொண்டாந்து எறக்குனதே எங்க தாத்தாதான்" என்றேன். "நெல்லிக்குப்பத்துலேந்து கரும்பு வண்டியில ஏத்திகினு போனாரு."

மலர் சிரித்தாள். "மாமா, போன மாசம் அதே வண்டியில யானைய ஏத்துனீங்க!"

வர்கீஸ் சிரிக்கவில்லை. "இருக்கும் அண்ணே. மணி எங்கேருந்து வந்ததுன்னு எங்க ஊர்ல யாருக்கும் தெரியாது. எங்க பாதிரியார் அச்சன் இப்போ கோயில் வரலாறு எழுதுறார். தாத்தா பேர் சொல்லுங்க."

முனுசாமி என்று சொல்லிவிட்டேன். தாத்தா பெயர் அதுதான். ஆனால் அவர் பண்ருட்டியைத் தாண்டியதே இல்லை. வர்கீஸ் அதைச் செல்போனில் பத்திரமாக எழுதிக்கொண்டான்.

நாளை அவனிடம் உண்மையைச் சொன்னால், பொய்யை நானே ஒப்புக்கொண்டது மலர் காதுக்கு வந்துவிடும். சொல்லாவிட்டால் தாத்தா புத்தகத்தில் ஏறிவிடுவார். அதுகூடப் போகட்டும். கதை சொன்னது நான். என்னைப் பார்த்துச் சிரித்த மலர் மரியாதையோடு பார்த்தது, அதை நம்பி எழுதிக்கொண்ட வர்கீஸை.